நிலுவைக் காய்ச்சல்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இனிமேல் நாட்டில் சான்று இல்லாமல் எந்த முடிவும் எடுக்கப்பட மாட்டாது. அந்தச் சுற்றறிக்கை அப்படித்தான் தொடங்கியது. அதுவரைக்கும் எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று அதில் எழுதவில்லை. எழுதுவதற்குச் சான்று கிடைக்கவில்லையோ என்னவோ.

சுற்றறிக்கையோடு ஒரு கணினி வந்தது. கணினிக்குள்ளே 'தேசிய சுகாதாரத் தகவல் பெட்டகம்' இருந்தது. எத்தனை பேருக்கு என்ன நோய் என்று மாதக் கடைசியில் அதில் ஏற்ற வேண்டும். பெட்டகம் பார்க்கும், யோசிக்கும், மருந்து அனுப்பும். மனுஷன் கேட்டால் மருந்து வராது. பெட்டகம் கேட்டால்தான் வரும். கூடவே சுவரில் ஒட்ட ஒரு போஸ்டரும் வந்தது: 'சான்றின்றி ஒரு பஞ்சும் இல்லை.' ஒட்டுவதற்குப் பசை வரவில்லை. நர்சக்கா காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் கிழித்து நாலு மூலையிலும் ஒட்டினார். அதோடு பிளாஸ்திரி தீர்ந்தது.

அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, நாலு கட்டில், ஒரு குழாய். டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார். மற்ற நாளெல்லாம் அவருடைய வெள்ளைக் கோட்டு நாற்காலியில் தொங்கும். அந்தக் கோட்டைப் பார்த்தே சில பேருக்குப் பாதி நோய் குணமாகும். மீதிப் பாதி நர்சக்கா பாடு. இருபத்தாறு வருஷமாக அந்தப் பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் வாட்ச்மேன். எப்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்கியதால் விசிலண்ணன். அவர் மனைவி ஆஸ்பத்திரி போர்வைகளைத் துவைத்துக் கொடுப்பவர், அதனால் விசிலண்ணி. பெட்டகம் வருவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் இன்னொரு பெட்டகம் இருந்தது. விசிலண்ணனின் ஸ்டூலுக்குக் கீழே மூன்று பிஸ்கட் டப்பா. போர்த்திக்கொண்டு ஒருவர் உள்ளே போனால் முதல் டப்பாவில் ஒரு கூழாங்கல்: காய்ச்சல். நொண்டிக்கொண்டு போனால் இரண்டாவது டப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாவது. வயிற்றையும் பிடித்துக்கொண்டு நொண்டவும் செய்தால் இரண்டு கல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனால் கல்லே கிடையாது, அவர் லீவு சர்டிபிகேட் வாங்க வந்தவர். மாதக் கடைசியில் நர்சக்கா தன் நோட்டையும் டப்பாவையும் ஒத்துப் பார்ப்பார். ஒரு கல்கூடப் பிசகியதில்லை.

அந்த மாதம் கடைசிப் பத்து நாளில் காய்ச்சல் கிளம்பியது. சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காய்ச்சல் இல்லை. குடும்பத்தோடு வந்து தங்குகிற காய்ச்சல். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் இரண்டு வாயாக வெளியே வந்தது. கட்டிலில் நாலு பேர், கட்டிலுக்குக் கீழே நாலு பேர். முதல் டப்பா நிரம்பி, விசிலண்ணன் நொண்டி டப்பாவைக் கடன் வாங்கினார். மாதக் கடைசி நாள் சாயங்காலம் ஒரு கல்லை எடுத்தார், டப்பாவில் போட்டார், பிறகு ஸ்டூலில் இருந்த போர்வையை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டார்.

"நர்சக்கா, நூத்திப் பதினாறு."

"கடைசியா யாரும் உள்ள வரலியே அண்ணே?"

"வெளியவே உக்காந்திருக்கேன்."

நர்சக்கா தொட்டுப் பார்த்தார். கை சுட்டது.

கட்டில்களைத் தாண்டி, கால்களைத் தாண்டி, கணினி முன்னால் போய் உட்கார்ந்து நர்சக்கா 116 என்று அடித்தார். பெட்டகம் சிவந்துபோய்ச் சொன்னது: 'இந்த எண் நம்பத்தகுந்ததல்ல. கடந்த மாதம் 10. அனுமதிக்கப்பட்ட எல்லை 9 முதல் 11 வரை.' திரும்ப அடித்தார். திரும்பவும் சிவந்தது. மூன்றாம் முறை மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக, மரியாதையோடு அடித்துப் பார்த்தார். பெட்டகத்துக்கு மரியாதை புரியவில்லை.

உதவிக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டார்.

"வணக்கம்! உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. காய்ச்சலுக்கு எண் ஒன்றை அழுத்தவும்." அழுத்தினார். "நீங்கள் காய்ச்சலைத் தேர்ந்தெடுத்துள்ளீர்கள். நன்றி." அப்புறம் பதினேழு நிமிஷம் புல்லாங்குழல். அதற்குப் பிறகு புள்ளிவிவர அதிகாரி வந்தார். அத்தனை நீளத்தைக் கூப்பிட யாருக்கும் மூச்சு இல்லாததால் ஊழியர்களெல்லாம் அவரைப் புள்ளி சார் என்பார்கள்.

"நூத்திப் பதினாறா? யாரு சொன்னா?"

"நான்தான் சார். எண்ணிப் பார்த்தேன்."

"எண்ணுறது சான்று ஆகாதும்மா. ஏத்துறதுதான் சான்று."

"ஏத்தினா ஏறமாட்டேங்குது சார். பதினொன்னுக்கு மேல போனா செவக்குது."

"செவக்கத்தானே செய்யும்? போன மாசத்தைவிடப் பத்துல ஒரு பங்குக்கு மேல கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தப்பு எண்ணு உள்ள நுழைஞ்சிடக் கூடாதுன்னு நானே ராப்பகலா உக்காந்து போட்ட வேலிம்மா அது!"

"காய்ச்சலுக்கு அது தெரியலையே சார்."

"அதுக்குத்தானே உங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி குடுத்தோம்."

"சார், சார், கோச்சுக்காதீங்க. இந்த ஒரு மாசம் வேலியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க."

"ஓ, தாராளமா. எனக்கென்ன வந்துச்சு? காய்ச்சல் கூடியிருக்குன்னு சான்று அனுப்புங்க, தளர்த்திடறேன்."

"சான்று எங்க சார் கிடைக்கும்?"

"பெட்டகத்துல."

பின்னால் யாரோ தண்ணீர், தண்ணீர் என்றார்கள்.

"இப்ப நான் என்னதான் சார் பண்ணட்டும்?"

"பதினொன்னை ஏத்துங்க. பாக்கி நூத்தி அஞ்சை அடுத்தடுத்த மாசத்துக்குத் தள்ளுங்க. பதினொன்னு, பன்னெண்டு, பதிமூணுன்னு அழகா ஏறிக்கிட்டே போய் எட்டாவது மாசம் பதினெட்டோட நிலுவை தீர்ந்துடும். நான் இப்பவே போட்டுப் பார்த்துட்டேன்."

"காய்ச்சலையா தள்ளச் சொல்றீங்க?"

"காய்ச்சல் எண்ணிக்கையைம்மா. காய்ச்சல் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்!"

இப்படியாகத்தான் மருத்துவ வரலாற்றில் முதல் முறையாக 'நிலுவைக் காய்ச்சல் பதிவேடு' திறக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய காய்ச்சல் எந்த மாதம் வருகிறது என்று எழுதி, பெட்டகத்திலும் பேரோடு ஏற்றி, ஒரு சீட்டும் கொடுக்க வேண்டும்.

ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? சீட்டு விஷயத்தில் இரண்டே நாளில் தேறிவிட்டார்கள். தட்டில் எதை வைத்தாலும் நல்ல துண்டாகப் பார்த்து எடுப்பவர்கள்தானே.

"நர்சக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மூணாவது மாசம் போட்டிருக்கீங்க. மூணாவது மாசம் என் தங்கச்சி கல்யாணம்க்கா. அஞ்சாவதுக்கு மாத்துங்க."

"ஏம்மா, அவரு இப்பத்தானே நடுங்கிக்கிட்டு இருக்காரு!"

"அது நிஜக் காய்ச்சல்க்கா. அதை நாங்க பார்த்துக்கறோம். நான் கேக்கறது சீட்டுக் காய்ச்சல்."

கணக்கு வாத்தியார் நூற்று இரண்டு டிகிரியோடு வந்தார். அவருக்கு ஆறாவது மாதச் சீட்டு. சீட்டில் இருக்கிற மாதத்துக்குத்தான் லீவு செல்லும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே இப்போது காய்ச்சலோடு பாடம் நடத்திவிட்டு, ஆறாவது மாதம் ஆரோக்கியமாகப் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வாத்தியார் தலையைப் பிடித்துக்கொண்டு, "தர்க்கத்துல தப்பே இல்லை," என்றார். "அதான் பயமா இருக்கு."

மூன்றாம் நாள் மருந்து வண்டி வந்தது. காய்ச்சல் ஒன்றுக்கு இரண்டு குளுக்கோஸ் பாட்டில் வீதம், பதினொரு காய்ச்சலுக்கு இருபத்திரண்டு பாட்டில். நர்சக்கா தாங்கிக்கொள்ளக்கூடியவர்களையெல்லாம் வாயால் குடிக்கவைத்து, ரொம்ப முடியாத பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்தார். பதினோராவது பெயர் விசிலண்ணனுடையது. அதற்குள் அவர் நாக்கு காய்ந்து, விசில் ஊதினாலும் காற்றுதான் வந்தது.

பேர் எழுதி மை காயவில்லை. போன் அடித்தது. புள்ளி சார்.

"நான்தான்மா. என் மச்சினன் அந்தப் பக்கமா கார்ல வந்துக்கிட்டிருக்கான். பாவம், லேசா உடம்பு கதகதன்னு இருக்காம். இந்த மாசப் பதினொன்னுல ஒரு இடம் பார்த்துக் குடுத்துடுங்க."

"பதினொன்னும் ஆயிடுச்சு சார். பதினோராவது எங்க வாட்ச்மேன். ரொம்ப மோசமா இருக்காரு."

"ஊழியரையே முதல்ல போட்டா, ஆடிட்ல என்ன சொல்லுவாங்க? சுயநலம்பாங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

நர்சக்கா பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மேலிடத்துச் சொல்லைத் தட்டியதில்லை. விசிலண்ணன் கட்டிலுக்குக் கீழேயிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னை விடுங்க. நூத்திப் பதினாறாவது கல்லு நான். வாசல்ல நின்னுக்கிட்டு எல்லாரையும் வரிசைல வா, வரிசைல வான்னு கத்தினவன், இப்ப நானே முந்தினா நல்லாவா இருக்கும்? கடைசில போடுங்க."

"கடைசின்னா எட்டாவது மாசம்ண்ணே."

"அட, அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க மாட்டேனா?"

நர்சக்கா அவர் பேரை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டை அப்புறம் பல நாள் பார்த்தார்.

மச்சினர் வந்தார், இரண்டு பாட்டில் ஏற்றிக்கொண்டார், கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று புகார் எழுதிவிட்டுக் கிளம்பினார். விசிலண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெட்டகத்தைப் பார்த்துவிட்டு, 'இவருக்குக் காய்ச்சல் இன்னும் ஏழு மாதத்துக்கு இல்லை' என்று அதே வண்டியில் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் வாசலில் விசில் கேட்கவில்லை. விசிலண்ணி துவைத்த போர்வைகளை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்றை விரித்து அவரை மூடினார்கள்.

அழுது முடித்து, பதினாறு நாள் கழித்து விசிலண்ணி வந்தார்.

"நர்சக்கா, வேலைல இருக்கும்போது ஆஸ்பத்திரிக் காய்ச்சல் ஒட்டிச் செத்தா, வாட்ச்மேன் வேலையைப் பொஞ்சாதிக்குக் குடுப்பாங்களாம். காய்ச்சல்ல செத்தாருன்னு ஒரு காகிதம் மட்டும் எழுதிக் குடுங்க. பொண்ணு படிப்பு இருக்கு."

"இதோ அண்ணி," என்று நர்சக்கா கணினியைத் திறந்தார். இறப்பு, காரணம்: காய்ச்சல். பெட்டகம் சிவந்தது. 'இவருக்குக் காய்ச்சல் இல்லை. இல்லாத காய்ச்சலால் இறக்க இயலாது. வேறு காரணத்தைத் தேர்வு செய்க.' வேறு காரணம் எழுதினால் வேலை கிடைக்காது, ஒரு இரங்கல் கடிதம் கிடைக்கும். மறுபடி புல்லாங்குழல், மறுபடி புள்ளி சார்.

"எதுக்கும்மா அவசரம்? எட்டாவது மாசம் வரட்டும். மொதல்ல காய்ச்சலை வரவைப்போம். வந்ததும் சாகடிச்சுடலாம்."

"அவரு செத்துட்டாரு சார்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டகத்துக்குத் தெரியணுமில்ல?"

விசிலண்ணி காத்திருந்தார். காத்திருந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆளில்லாத ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார், கேட்டைத் திறந்தார், மூடினார், டப்பாவில் கல்லைப் போட்டார். சம்பளம் இல்லை, பதவி இல்லை. போர்வை துவைப்பது போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான்.

மாதங்கள் போயின. தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பெட்டகத்தில் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஏறிக்கொண்டே போனது. இதற்குள் சான்றுப் பேச்சு ஊரில் பெரிய நாகரிகம் ஆகிவிட்டது. கணக்கு வாத்தியாரிடம் ஒரு பையன் நாற்பது மார்க் பேப்பரை நீட்டி, "சார், போன பரீட்சைல நாப்பது, அதனால இந்தப் பரீட்சைல முப்பத்தாறுக்குக் கீழ போட்டீங்கன்னா அது நம்பத்தகுந்த எண் இல்ல சார்," என்றான். வாத்தியார் முப்பத்தாறு போட்டார். எடை பார்க்கும் மெஷின் வைத்திருந்தவர், போன வார எடையைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வாரச் சீட்டைக் கொடுத்தார். குண்டானவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

தலைநகரத்தில் ஒரு பெரிய திரையில் அந்த ஆஸ்பத்திரியின் கோடு தெரிந்தது. மற்ற ஊர்க் கோடெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்க, இது மட்டும் ஏணி சாத்தி வைத்த மாதிரி ஏறியது. "ஆகா, என்ன ஒழுங்கான காய்ச்சல்!" என்று அகமகிழ்ந்தார் தலைமை நிபுணர். உடனே ஒரு கேடயம் அறிவிக்கப்பட்டது. காய்ச்சலை அடக்க ஒரு வல்லுநர் குழுவும் அறிவிக்கப்பட்டது. கேடயம் எட்டாவது மாதம் வந்தது. குழுவும் அதே வண்டியில் வந்தது: ஆறு டாக்டர், இருபது மடக்குக் கட்டில், நானூறு பாட்டில் குளுக்கோஸ், இரண்டு கேமரா. கூடவே புதுச் சட்டையில் புள்ளி சார்.

தலைமை நிபுணர் காலிக் கட்டில்களைப் பார்த்தார். "நோயாளிங்கல்லாம் எங்கே?"

"எல்லாரும் நல்லாயிட்டாங்க சார்," என்றார் நர்சக்கா. "ஏழு மாசம் ஆச்சு."

"இந்த மாதம் பதினெட்டு என்று திரையில் இருக்கிறதே?"

நர்சக்கா வாயைத் திறப்பதற்குள் புள்ளி சார் நிலுவைப் பதிவேட்டைத் திறந்தார். "இருக்காங்க சார், இருக்காங்க. இந்த மாதம் முறை வர்றவங்க லிஸ்ட். பத்தே நிமிஷம்!"

பதினேழு பேர் சீட்டோடு வந்தார்கள். வேலைக்கு லீவு, பன், டீ, மெத்தை. யார் வரமாட்டார்கள்? வரிசையாகப் படுத்தார்கள். ஒருவர் சீட்டுக்கட்டு கொண்டுவந்திருந்தார். டாக்டர்கள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள்: தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு.

"காய்ச்சல் உள்ளே ஒளிந்திருக்கிறது," என்றார் தலைமை நிபுணர். "ஏற்றுங்கள் பாட்டிலை."

இரண்டு நாள் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பதினேழு பேருக்கும் தொண்ணூற்றெட்டு. கைதட்டினார்கள். இப்படி ஒரு குணத்தை எந்த டாக்டரும் பார்த்ததில்லை.

"பதினெட்டில் பதினேழு. ஒருவர் எங்கே?"

அதற்காகவே காத்திருந்த விசிலண்ணி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். "என் வீட்டுக்காரருங்க. செத்துட்டாரு."

"அடடா. எப்போது?"

"ஏழு மாசம் முன்னாடி. இதே காய்ச்சல்ல."

தலைமை நிபுணர் புள்ளி சாரைப் பார்த்தார். புள்ளி சார் பதிவேட்டைப் பார்த்தார். "சார், இவருக்குக் காய்ச்சல் இந்த மாதம்தான். செத்தது ஏழு மாதம் முந்தி. அதாவது காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே செத்திருக்காரு. காய்ச்சல் காரணமா இருக்க வாய்ப்பே இல்லை."

"தெளிவாக இருக்கிறது. 'சிகிச்சைக்கு முன்பே தாமாக விலகியவர்' என்று போடுங்கள்."

"ஐயா, நான் கண்ணால பார்த்தேங்க. பக்கத்துலயே இருந்தேன்," என்றார் விசிலண்ணி. "நர்சக்காவைக் கேளுங்க."

எல்லோரும் நர்சக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் கேடயம் இருந்தது. இரண்டு கேமராவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. நர்சக்கா, "அண்ணி சொல்றது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்றது சான்று ஆகாதும்மா," என்றார் புள்ளி சார் அன்பாக. போட்டோ எடுத்தார்கள்.

சாதாரணமாக ஒரு சுற்றறிக்கை வர மூன்று மாதம் ஆகும். வெற்றிச் சுற்றறிக்கை என்பதால் இது ஒன்பதே நாளில் வந்தது. புள்ளி சார்தான் எழுதி, புள்ளி சார்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். 'காய்ச்சல் கண்டவுடன் சிகிச்சை அளித்தால் சிலர் மட்டுமே குணமடைகின்றனர். ஏழு மாதங்கள் கழித்து அளித்தால் அனைவரும் குணமடைகின்றனர் என்பது சான்றுடன் நிரூபணமாகியுள்ளது. எனவே இனி எவருக்கும் ஏழு மாதங்களுக்கு முன்பாகச் சிகிச்சை அளிக்கலாகாது.' மிச்சமான முந்நூற்றறுபத்தாறு பாட்டிலையும் ஒரு இரும்பு அலமாரியில் வைத்து, விரல் வைத்தால் திறக்கிற பூட்டு போட்டார்கள். அந்தந்த மாதம் முறை உள்ள நோயாளியின் விரலுக்கு மட்டும்தான் திறக்கும்.

மாதக் கடைசியில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது முதலில் போனது புள்ளி சார் வீட்டுக்கு.

பாட்டில் இருக்கிற இடம் தெரிந்தவர், போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் நுழைந்தார். விசிலண்ணி முதல் டப்பாவில் ஒரு கல்லைப் போட்டார்.

"நர்சம்மா, தண்ணிகூட நிக்கமாட்டேங்குது. ரெண்டு பாட்டில் ஏத்துங்க."

"ஏத்தலாம் சார். உங்க முறை எப்பன்னு பார்த்துச் சொல்றேன்." புரட்டினார். "இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"விளையாடாதீங்க! அந்தச் சுற்றறிக்கை பொதுமக்களுக்கும்மா!"

"அலமாரிக்கு அதெல்லாம் தெரியலையே சார்."

புள்ளி சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுக்கத்திலும் மூளை வேலை செய்தது. அதிகாரி இல்லையா? "இந்த மாசம் பதினெட்டுல பதினேழுதானே ஆச்சு? ஒரு காய்ச்சல் செலவாகாம கெடக்குமே... விலகினவரோட இடம். அதுல என்னைப் போடுங்க."

"அது வாட்ச்மேனோட காய்ச்சல் சார்."

"இருக்கட்டும். விரல் இன்னும் பதியலையில்ல? என் விரலை வைக்கறேன்."

நர்சக்கா வாசலைப் பார்த்தார். விசிலண்ணி குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். புள்ளி சார் விரலை வைத்தார். பூட்டு 'டிங்' என்றது. 'நல்வரவு, வாட்ச்மேன்.' இரண்டு பாட்டில் இறங்கியது. மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். பெட்டகம் பச்சையாக மலர்ந்தது: 'வாட்ச்மேன் குணமடைந்தார். நூற்றுக்கு நூறு.'

மறுநாள் புள்ளி சார் தன் அலுவலகக் கதவில் விரலை வைத்தார். திறக்கவில்லை. ஒரு விரலுக்கு ஒரு பதவிதான் என்று வேலி போட்டிருந்ததும் அவர்தான். கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது எதுவோ அதுதான் செல்லும். பின்னாலேயே மெமோவும் வந்தது: 'வாட்ச்மேன் ஆகிய தாங்கள், பூரண குணமடைந்தும், கடந்த ஏழு மாதங்களாகப் பணிக்கு வராததற்குக் காரணம் கூறுக. உடனே பணியில் சேரத் தவறினால் சம்பளம் நிறுத்தப்படும்.' உதவி எண்ணைக் கூப்பிட்டார். பதினேழு நிமிஷம் புல்லாங்குழல் கேட்டார். பதவியைத் திருத்தலாமாம். ஆனால் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் மாற்ற முடியுமாம். முதல் மாதம் மூன்று நாள் அதிகாரியாக இருக்கலாம், மிச்ச நாளெல்லாம் கேட்.

கழுத்தில் விசிலோடு ஸ்டூலில் உட்கார்ந்தார் புள்ளி சார். பக்கத்தில் தரையில் விசிலண்ணி போர்வை மடித்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் புள்ளி சாரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கையைக் கூப்பினார்.

"அம்மா, ஒரே ஒரு உதவி. உங்க வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா. அவரு செத்தாத்தான் நான் பொழைப்பேன். உங்களுக்கும் இந்த வேலை கிடைக்கும்."

விசிலண்ணி போர்வையின் ஓரத்தை நீவினார். "சொன்னேனே சார். எட்டு மாசமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"இப்ப எழுத்துல குடுங்கம்மா, நான் மேல அனுப்பறேன்!"

"அனுப்புங்க. வாட்ச்மேன் அனுப்பினா படிப்பாங்களா?"

எழுதிக் கொடுத்தார். அவரும் அனுப்பினார். பதில் வந்தது: 'மேற்படி வாட்ச்மேன் தினமும் காலை எட்டு மணிக்கு விரல் வைத்து வருகிறார். அவர் இறந்ததாக அவரே மனு செய்திருப்பது கண்டிக்கத்தக்கது.'

அடுத்த மாதம் காய்ச்சல் தெருத் தெருவாக வந்தது. வந்தவர்கள் யாரும் மருந்து கேட்கவில்லை. நல்ல மாதமாகப் பார்த்துச் சீட்டு கேட்டார்கள். கணக்கு வாத்தியார் பரீட்சை மாதத்தைக் கேட்டார். புள்ளி சார் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கல் போட்டார். ஒரு டப்பா நிரம்பி, இரண்டாவது நிரம்பி, மூன்றாவதும் நிரம்பியது. மாதக் கடைசி நாள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே ஓடினார்.

"நர்சம்மா! நூத்தி நாப்பத்திரண்டு! நானே என் கையால எண்ணினேன்! ஒரு கல்லு பிசகாது!"

கணினி முன்னால் இருந்த நர்சக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே கேடயம் பளபளத்தது.

"போன மாசம் எவ்வளவு?"

"பதினெட்டு... ஆனா..."

"பத்தொன்பது கல்லை வச்சுட்டு, மிச்சத்தை வாசல்ல கொட்டிடுங்க, வாட்ச்மேன்."

நர்சக்கா 19 என்று அடித்தார். பெட்டகம் சிவக்கவே இல்லை. வாசலில் விசிலண்ணி, கீழே கொட்டிய கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.